கையெழுத்து நேரத்தில் தூங்கிய பிள்ளை

தையல் கூடத்து இரைச்சலையே இசையாய்க் கேட்டு வளர்ந்து, இன்று தலைமை நாற்காலியில் தயங்கித் தயங்கி அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, தரையில் உருள்வது ஒன்று என வந்திருக்கும் தாய்மார்களே! சிரிக்காதீர்கள், அந்த உருள்கிறவரும் அவையில் ஒருவர்தான். அவருக்கும் என் வணக்கம்!

தொழிற்சாலைப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்யும் எனக்கு, ‘போர் முடிந்த நாள்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தளபதிகள் பேச வேண்டியதைத் தாலாட்டுப் பாடுகிறவளிடம் தந்தால் என்ன வரும்? தூக்கக் கதைதான் வரும்!

அன்று மதியம். சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திடுவதை நேரலையில் காட்டுகிறார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு உணவுக்கூடத்தில் பார்க்கலாம் என்றது நிர்வாகம். தாய்மார்கள் உணவுக்கூடத்துக்கா போனார்கள்? காப்பகத்துக்கல்லவா ஓடி வந்தார்கள்! அந்த நொடியைக் காப்பகத்துத் தொலைக்காட்சியில் பிள்ளையோடு பார்க்க ஆசை.

விழித்திருந்த வாண்டுகள் சும்மா இருந்தார்களா? “அத்தை, அந்தத் தாத்தாவுக்கு எதுக்கு ரெண்டு பேனா?” “கோணலா எழுதிட்டா திட்டுவாங்களா?” “சண்டை போட்டவங்க பக்கத்துல பக்கத்துல உக்காரலாமா?” அவையோரே, எந்த நிருபர் கேட்டார் இப்படி?

ஆனால் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. ‘கேள்விக்குறி’ என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் நாலு வயதுக்காரி, பாயில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா போடும் அவள் அம்மா, தலையெல்லாம் நூல் பிசிறோடு வந்து நின்றாள்.

“எழுப்பட்டுமா?” என்றேன்.

“எழுப்புங்கக்கா! ஏன் காட்டலன்னு நாளைக்கு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா!”

நான் குனிந்தேன். எழுப்பச் சொன்ன அம்மாவே என் கையைப் பிடித்தாள்.

“வேணாங்கக்கா. பொறந்ததுலேருந்து அபாயச் சங்கு ஊதுறப்பெல்லாம் இவளை எழுப்பித் தூக்கிட்டு ஓடியிருக்கேன். இன்னிக்காவது தானா எழுந்திரிக்கட்டும்.”

சொல்லிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? குழந்தையின் காலணி முடிச்சை அவிழ்த்தாள். அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் காலணியோடுதான் தூங்குவார்கள். அபாயச் சங்கு அலறினால் அள்ளிக்கொண்டு ஓட வேண்டுமே, தேடி மாட்ட ஏது நேரம்? ஒரு காலை அவிழ்த்தாள். மறு காலை அவிழ்த்தாள். மற்றத் தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளிடம் குனிந்தார்கள். கையெழுத்தாகிக் கைதட்டல் எழுந்தபோது எங்களில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் ஒலியைக் குறைத்தேன்.

ஏன் குறைத்தாய் என்று அங்கே ஒருவர் கேட்கிறார். பிள்ளைகள் தூங்குகிறார்கள் ஐயா!

வேலை முடிந்து அம்மா கூட்டிப்போக வந்தபோதுதான் கேள்விக்குறி கண் திறந்தாள். வெறுங்காலைப் பார்த்தாள்.

“ஷூவை யாரும்மா கழட்டுனது? சங்கு ஊதினா எப்படி ஓடுறது?”

“இனிமே ஊதாது கண்ணு.”

“ஏன் ஊதாது?”

அவையோரே, இதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது? கையெழுத்திட்டவர்களிடமா? காகிதத்திடமா? இல்லை, இங்கே அமர்ந்திருக்கும் நம்மிடம் இருக்கிறது! பகையை மறுத்து, பழியை மறந்து, பக்கத்து வீட்டோடு பகிர்ந்து வாழும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு நாம் சொல்லும் பதில்! கையெழுத்து அவர்களுடையது. காவல் நம்முடையது!

விழித்திருந்து கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. என் பேச்சைப் பொருட்படுத்தாமல் அயர்ந்து தூங்கிவிட்ட பிள்ளைகளுக்கு இரட்டிப்பு நன்றி. தயவுசெய்து மெதுவாகக் கைதட்டுங்கள். வணக்கம்!