மொட்டைமாடிச் சாவி

எங்கள் குடியிருப்பில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. உள்ளே வரும்போதே கவனித்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த அமைதியைக் கொண்டுவரச் சங்கச் செயலாளராக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தங்கையையும் அவள் கணவரையும் இங்கே குடிவைத்தது நான்தான். வாடகைக்கு இருந்து பாருங்கள், ஒத்துவந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். கண்ணெதிரே இருந்தால் எனக்கு நிம்மதி.

அவளுக்கு ஒத்துவரவில்லை. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது, செருப்பை வாசலில் விடக் கூடாது என்றால் சிரிப்பாள். "தும்மறதுக்கும் உன் சங்கத்துல அனுமதி வாங்கணுமாக்கா?"

அன்று கணவர் வேலைக்குப் போன பிறகு என் வீட்டுக்கு வந்தாள். சிரிக்கவில்லை. "மூச்சு முட்டுதுக்கா. வேற ஊர்ல வீடு பாத்துட்டோம். ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்." கைப்பேசியை என் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

மதியமானால் மாடிக்கதவைப் பூட்ட வேண்டும் என்பது விதி. பூட்டினேன். அவள் மேலே இருப்பது எனக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்து யோசித்தால் மனம் மாறும் என்று நினைத்தேன். வெயில் சற்று அதிகம்தான்.

தட்டினாள். எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும். செயலாளரைத் தவிர யாரும் அந்தக் கதவில் கைவைக்கக் கூடாது என்பதால் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் என்னிடம் வந்தார்.

"மேல யாரோ தட்டறாங்களேம்மா?"

"தொட்டி வேலை நடக்குது சார். நீங்க போய்ப் படுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர், சொன்னால் கேட்பவர். சாவி என் மடியில்தான் இருந்தது.

பிறகு தட்டல் நின்றது. சமாதானமாகிவிட்டாள் என்று அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டேன். அப்போதுதான் பின்பக்கம் அவள் விழுந்த அந்தச் சத்தம்.

கதவு திறந்திருக்க, அவள் ஏன் குழாயைப் பிடித்து இறங்கினாள் என்று கேட்டீர்கள். பூட்டித்தான் இருந்தது. எல்லோரும் கீழே அவளிடம் ஓடியபோது, நான் மேலே ஏறித் திறந்து வைத்தேன்.

அப்போதும் அவளுக்கு உயிர் இருந்ததாம். ஆசிரியர் சொன்னார். கடைசியாக "அக்கா" என்றாளாம்.

பார்த்தீர்களா, என்னைத்தான் தேடியிருக்கிறாள். இங்கிருந்து போக வேண்டும் என்று அவள் மனதார நினைக்கவே இல்லை.