பிளேனுக்குள் எலுமிச்சம்பழம்

வைலே நகரில் ரயில் ஏறிய தாயும் மகளும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

"அம்மா, என்ர பிளேனுக்குள்ள எலுமிச்சம்பழம் வைச்சது நீங்களோ?"

"ஓம். புதுப் பிளேனெல்லே. சில்லுக்குக் கீழ வைக்க நீ விடேல்லை. அதான் சீற்றுக்குக் கீழ வைச்சனான்."

"நேற்று வயலுக்கு மேல தாழப் பறந்து விதை தூவிக்கொண்டிருக்கிறன், பழம் உருண்டு வந்து பெடலுக்குக் கீழ சிக்கீட்டுது. முன்னால மரம். பிளேன் திரும்பேல்லை. பழத்தைக் காலால நசுக்கித்தான் திருப்பினனான்."

"நசுங்கினது நல்லது. நாவூறு கண்ணூறெல்லாம் கழிஞ்சுது."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். தாய் கேட்டார்.

"இண்டைக்கு ஆர் அந்தப் பிளேனை ஓட்டுறது?"

"மற்றப் பைலட். இப்ப வயலுக்கு மேலதான் நிப்பார்."

தாய் கைப்பையை இறுகப் பிடித்தார்.

"பிள்ளை, நான் ரெண்டு பழம் வைச்சனான்."