வலது ஓரத்து மூன்று புள்ளிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, பேராசிரியர் ராகவேந்திரன் ஐயா அவர்களே, மகள் அஃப்ராவை அடக்கம் செய்த பத்தாம் நாளில் இங்கே வந்திருக்கும் அமீனா பீ அம்மா அவர்களே, அஃப்ரா அக்காவோடு வேலை பார்த்த எல்லோருக்கும் வணக்கம்.

நான் கயல். இந்த மாடிக்கு டீ கொண்டு வருகிறவள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மைக்கில் பேசியதில்லை. எழுதி வைத்திருப்பதைப் படிக்கிறேன்.

முனைவர் அஃப்ரா என்ன வேலை செய்தார்? அவர் எனக்குச் சொன்னதைத்தான் சொல்லத் தெரியும். இரண்டு ஈய அணுக்கருக்களை மிக வேகமாக மோதவிட்டால் ஆயிரக்கணக்கில் துகள்கள் பிறக்கும். எந்தத் துகள் எத்தனை பிறக்கும் என்று கணக்குப் போடுவது அக்காவின் வேலை. படத்தில், சோதனையில் எண்ணியது புள்ளி. அக்காவின் கணக்கு கோடு. கோடு புள்ளிகள் மேல் போனால் கணக்கு சரி. ஒரு கோட்டுக்காக ஆறு வருடம். யாருக்கு வரும் அந்தப் பொறுமை?

தினமும் டீயை வாங்கிக்கொண்டு கணினித் திரையில் அந்தப் படத்தைக் காட்டுவார். "இன்னா கயல், ஒட்டுதா?" படித்தவர்கள் ஒட்ட வேண்டும் என்ற ஆசையோடு பார்ப்பார்களாம். எனக்கு அந்த ஆசை இல்லையாம், அதனால் என்னைக் கேட்பார்.

ஒரு நாள் சாப்பிடாமல், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். படத்தின் வலது ஓரத்தில், ஒமேகா என்ற துகளின் மூன்று புள்ளிகள் கோட்டுக்கு மேலே தனியாக நின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒட்டிக்கினு கீதுக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "அடிப்பாவி, எனக்கே அல்வாவா? பாவம் பாத்து சொல்லாத. ஒட்டாத எடத்துலதான் நமக்குத் தெரியாதது இன்னாமோ கீது."

அதன் பிறகு நான் பொய் சொல்லவில்லை. காய்ச்சலோடு கிளம்பிய கடைசி நாளிலும் ஒட்டவில்லை என்றுதான் சொன்னேன். அதுதான் நான் அக்காவிடம் பேசிய கடைசி வார்த்தை.

ராகவேந்திரன் ஐயா, முந்தாநாள் உங்கள் அறைக்கு டீ கொண்டு வந்தபோது காதில் விழுந்தது. அஃப்ரா பெயரில் வரும் கடைசிக் கட்டுரை குறையில்லாமல் வரட்டும், அந்த மூன்று புள்ளிகளை எடுத்துவிடலாம் என்றீர்கள். சொல்லும்போது அழுதீர்கள். தனியாகச் சொல்ல இரண்டு முறை உங்கள் கதவு வரை வந்தேன். அப்படியே திரும்பிவிட்டேன். நீங்கள் பாசத்தில்தான் சொன்னீர்கள். நானும் பாசத்தில்தான் அன்றைக்குப் பொய் சொன்னேன்.

வேண்டாம் ஐயா. அந்தப் புள்ளிகள் அக்காவின் குறையா? கடைசி வரை அவர் பார்த்துக்கொண்டிருந்த இடம் அதுதானே? அதை எடுத்துவிட்டால் அந்தக் கட்டுரையில் அக்கா எங்கே இருப்பார்?

எனக்குக் கணக்கு தெரியாது. என்னால் தர முடிந்த உறுதி ஒன்றுதான். இந்த மாடியில் யார் திரையைக் காட்டிக் கேட்டாலும் கண்ணில் பட்டதைச் சொல்வேன். கட்டுரையை அனுப்பும் முன் எனக்கும் ஒரு முறை காட்டுங்கள். வலது ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.