பின் இடது சக்கரத்தின் மேல் உட்கார்ந்த தமிழ்ச்செல்வி மிஸ்

நித்யா மேரி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அப்பாவுக்கும் வேண்டாம், அவர் என் மாமாவிடம் வேலை பார்க்கிறார். நாளை மிஸ்ஸின் இரங்கல் கூட்டத்தில் நான் பேசப்போவது இதுதான். மாமா சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தது அல்ல. காலையில் பால் வாங்கப் போகும்போது உன்னிடம் தருகிறேன். முடியாவிட்டால் ஜன்னல் வழியாக உங்கள் வீட்டுச் சந்தில் போடுவேன். என்னை மேடையேற விடவில்லை என்றால் நீ வாசி. பயமாக இருந்தால் ஜான்சியிடம் கொடு. கீழே உன் பெயரை எங்கும் எழுதவில்லை. இந்தப் பத்தியை மட்டும் கிழித்துவிடு.

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தலைமை தாங்கும் எங்கள் கபடிக் குழுத் தலைவரும் என் தாய்மாமனுமான திரு. செந்தமிழ்ச்செல்வன் அவர்களே, மகளின் படத்தைப் பார்த்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இருசம்மாள் அம்மா அவர்களே, எங்களை இனி ஆட அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட பெற்றோர்களே, என்னோடு ஆடிய தோழிகளே, எல்லோருக்கும் இசைவாணியின் வணக்கம்.

நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மாநில அணிக்கு ஆடிய வீராங்கனைக்காக. உடற்கல்வி ஆசிரியை தமிழ்ச்செல்வி அவர்களுக்காக. வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கால்சட்டை எதற்கு என்று கேட்ட வீடுகளின் வாசலில் நின்று, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பெண்ணையும் கையோடு கூட்டிவந்த எங்கள் மிஸ்ஸுக்காக!

இந்த மேடை போட்டிருப்பது எங்கள் களத்தின் நடுக்கோட்டில். இங்கே மிஸ் வைத்த ஒரு பழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும், சிரித்திருக்கிறீர்கள். ஆட்டத்துக்கு முன் ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகோத்து, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை மெதுவாக நடப்போம். குனிந்து பார்க்கக் கூடாது. கண்ணாடிச் சில்லோ, முந்திரி ஓடோ, ஆணியோ, பாதத்தால் தேட வேண்டும். எங்களுக்கு ஏன் மிஸ் இந்த வேலை என்று ஜான்சி ஒருநாள் சலித்துக்கொண்டாள். “வுழப்போறது யாரு? நீங்கதான? அப்ப நீங்கதான் தேடணும்” என்றார் மிஸ்.

வேனில் ஏறும்போதும் அதே பழக்கம்தான். நான்கு சக்கரத்துக்கு நான்கு பேர். வெறுங்காலால் டயரைத் தேய்த்து, கோடு இருக்கிறதா என்று சொன்ன பிறகுதான் ஏறுவோம். ஓட்டுநர் யாகப்பன் அண்ணன், “இவுளுங்க இன்னா, வண்டிக்குப் பூச போடுறாளுங்களா” என்று கிண்டல் செய்வார்.

சிதம்பரத்தில் மண்டலக் கோப்பையை வென்ற அன்று பின் இடது சக்கரம் என் பங்கு. காலை வைத்தேன். வழுக்கியது. “மிஸ், மொட்டையா இருக்கு” என்றேன். மிஸ்ஸும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துப் பார்த்தார். யாரும் ஏறாதீர்கள், பஸ்ஸில் போகலாம் என்றார்.

யாகப்பன் அண்ணன் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். உடனே மிஸ்ஸுக்குப் போன் வந்தது. மிஸ்ஸின் கையில் கோப்பையும் பைகளும் இருந்தன. என் தோழி ஒருத்தி ஸ்பீக்கரைப் போட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மற்றவர்கள் பஜ்ஜிக் கடையில் நின்றார்கள். கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான்.

“ஊரே மேளம் மாலையோட நிக்குது. நீ டயரப் பாத்துக்கினு நிக்கிறியா? வண்டி என்னுது, எனக்குத் தெரியாதா?”

“பொண்ணுங்கள ஏத்திக்கினு வரணுங்களே. அதான் பாக்குறேன்.”

“பஸ்ல வந்து எறங்குனா நாளைலேந்து கிரவுண்டு கெடையாது. எடம் யாருதுன்னு தெரியுமில்ல?”

அந்தக் குரல் யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா? எங்கள் வேன் யாருடையது? நாம் கூடியிருக்கும் இந்த இடம் யாருடையது?

மிஸ் பஜ்ஜிக் கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டார். பிறகு ஏறினார். எப்போதும் ஓட்டுநர் பக்கத்தில் உட்காருகிறவர், அன்று பின்னால் வந்து, இடது ஓரத்தில் இருந்த ஜான்சியை எழுப்பி முன்னால் அனுப்பினார். “அந்தச் சக்கரத்து மேல நான் குந்திக்கிறேன். டீமுலயே நான்தான் வெயிட்டு” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஜான்சி அதிகமாகச் சிரித்தாள்.

புவனகிரி தாண்டும்வரை, “மெதுவா போங்கண்ணா, மால வாடுனா வாடட்டும்” என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். குறிஞ்சிப்பாடி ரோட்டில் வாய்க்கால் பாலத்தை நெருங்கும்போது பின்பக்கம் வெடித்தது. வேன் இடது பக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். மிஸ் வரவில்லை.

அன்றிலிருந்து ஊரில் என்ன பேச்சு? மாலை மரியாதைக்கு ஆசைப்பட்டு ஓட்டுநரை வேகமாகப் போகச் சொன்னது டீச்சர்தான் என்ற பேச்சு. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் கேள்விப்பட்டேன் என்கிறார், அவரிடம் சொன்னவரும் கேள்விப்பட்டேன் என்கிறார். யாகப்பன் அண்ணனிடம் போனேன். இப்போது மாமாவின் பலாப்பழ லாரியை அவர்தான் ஓட்டுகிறார். என் முகத்தைப் பார்க்காமல், “போ பாப்பா, படிக்கிற வேலயப் பாரு” என்றார். அவருக்கு என்ன பயம்? இருசம்மாள் அம்மா குழாயடியில் நின்றபோது ஒருத்தி, உம் பொண்ணு அவசரப்பட்டா, எங்க பொண்ணுங்க தப்பிச்சிச்சிங்க என்றாளாம். அன்றிலிருந்து அவர் குழாயடிக்கே வருவதில்லை. பெற்ற தாய் கேட்க வேண்டிய பேச்சா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தையோடு பண்ருட்டிக்குப் போனபோது ஒரு பட்டறைக்குப் பின்னால் நம் வேனைப் பார்த்தேன். கூரை நசுங்கி, கண்ணாடி இல்லாமல், புல் நடுவே கிடக்கிறது. இனி அது ஓடாது என்று மாமாவே சொன்னார். பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைத் தேய்த்துப் பார்த்தேன். மூன்று பழசு. பின் இடது மட்டும் புத்தம் புதிது. ரப்பர் முடிகூட இன்னும் உதிரவில்லை. அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை என் கையை விடவே இல்லை.

அன்று இரவிலிருந்து மாமா என்னிடம் அன்பாக இருக்கிறார். புதுச் சுடிதார் வாங்கித் தந்திருக்கிறார். என் பையைத் திறந்து பார்க்கிறார். எங்கே போகிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்கிறார். கூட்டத்தில், அவசரம் ஆபத்து என்பதற்கு எங்கள் மிஸ்ஸே பாடம் என்று நான் சொல்ல வேண்டுமாம். என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நான் மாமா வீட்டில்தான் சாப்பிடுகிறேன். அதனால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார்.

பெற்றோர்களே! அடுத்த மாதம் கடலூரில் மாவட்ட ஆட்டம். உங்கள் பெண்களை அனுப்பப் பயப்படுகிறீர்கள். எங்கள் மிஸ்ஸை நம்பி அனுப்பியது தப்பு என்று நினைக்கிறீர்கள். தப்பில்லை. உங்கள் பெண்ணின் இடத்தில் தான் உட்கார்ந்தவரை நம்பித்தான் அனுப்பினீர்கள். தமிழ்ச்செல்வி மிஸ் ஓட்டுநரை விரட்டவில்லை! தமிழ்ச்செல்வி மிஸ் மாலைக்கு ஆசைப்படவில்லை! இதைச் சொல்லாமல் அவர் படத்துக்கு எப்படிப் பூப்போடுவேன்?

மிஸ் விட்ட இடத்திலிருந்து நாங்கள் ஆடுவோம். இந்தக் களத்தைப் பூட்டினால் ரோட்டோரம் கோடு போட்டு ஆடுவோம். கடலூருக்குப் பஸ்ஸில் போவோம், எங்களோடு நீங்களும் வாருங்கள். நான் பேசி முடித்ததும் எங்கள் அணி வெறுங்காலோடு இந்தக் களத்தில் நடக்கப்போகிறது. இருசம்மாள் அம்மா நடுவில் எங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். தலைவர் அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வரட்டும். நடந்துகொண்டே எனக்கு ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஓடாத வண்டிக்குப் புது டயர் எதற்கு மாமா

கதவைத் தட்டுகிறார்கள். அத்தை இல்லை, அத்தை என் பெயரைச் சொல்லித்தான் தட்டுவார். நித்யா, இதைச் சந்தில் போடுகிறேன், ஜன்னலுக்கு நேர் கீழே