எதிரில் வரச் சொன்ன ஊர்

"மெட்ராஸ்ல என்னைப் பார்த்துட்டு யாரும் திரும்பிப் போய் தண்ணி குடிக்கறதில்ல, அண்ணி."

திண்டிவனத்தில் நின்றிருந்த சென்னை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரி இப்படிச் சொன்னதும் என் காது அங்கேயே போய்விட்டது. புருஷனை இழந்தவள் எதிரில் வந்தால் அப்படித் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். வழியனுப்ப வந்த அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒத்த ரூமு, கேன் தண்ணி, கொசுக்கடி. எதுக்கு அந்தப் பேஜாரு? இங்கியே இருந்துடேன்."

"பேஜாருதான். ஆனா கீழ்வீட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் போறப்ப, 'எதிர்ல வாக்கா'ன்னு என்னைக் கூப்பிட்டுக்கினு வந்து நிக்க வெக்கிது. இங்க எங்கண்ணன் வண்டிய எடுத்தா நான் உள்ள போயிடணும்."

கண்டக்டர் விசிலடித்ததும் அண்ணி இறங்கிப் போனாள். பஸ் நகரும்போது ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"திங்கக்கிழமை என் பொண்ணுக்கு அங்க இன்டர்வியூ. உன் ரூம்லதான் தங்குவா. அவ கிளம்பறப்ப நீதான் எதிர்ல வரணும், தெரிதா?"

"வர்றேன் அண்ணி! தலை நெறையப் பூ வெச்சிக்கினு வர்றேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் தலை குனியவில்லை.