ஒரு சொட்டு ஈயம்

பிரிஜ் பழுதானால் ஆட்கள் முதலில் பிளக்கைத்தான் கழற்றி மாட்டுவார்கள், ஐயா. ஞானசேகரமும் அதைத்தான் செய்திருந்தார். சரிவராமல் போகவே வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்.

"குலசிங்கம் அண்ணை, துறைமுகத்திலை ஐஸ் அறையே திருத்தின கை. உங்களுக்கு இது விளையாட்டுச் சாமான்."

எட்டு மாதமாக அந்தப் படலைக்குள் நான் கால் வைத்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் ஒழுங்கை ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிரையாக நிறுத்தினார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருந்தான். என் மகன் கிரிதரன் முன்னால் போனபோது அந்தச் சாக்கு இரண்டு தரம் இருமியது. பிறகு ஆடியது. கிரிதரன் திரும்பி வரவில்லை.

ஞானசேகரம் அன்று நிரையில் இல்லை. கண்டிக்குப் போனவராம். அவருக்கும் அதே இருமல். எனக்கு அது போதும்.

போர்ட்டைக் கழற்றினேன். குளிரை அளக்கும் வயர் ஈயம் விட்டுக் கழன்றிருந்தது. அதனால் மோட்டார் ஓயாமல் ஓடி, பின்தட்டில் வைத்ததெல்லாம் உறைந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் சரி. ஈயம் என் சட்டைப்பையில் இருந்தது. பழுதென்று சிமிட்டிய சிவப்பு வெளிச்சத்தின் வயரை மட்டும் வெட்டிவிட்டு மூடினேன்.

அவர் மனைவி கமலேஸ்வரி, மகள் தர்சினியின் இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியிலிருந்து மருந்து வரும் பாதை பூட்டியிருந்த காலம். அந்த மாதத்துக்கு அவ்வளவுதான் கிடைத்தது. என் தாயும் ஊசி போட்டவர், அதனால் எனக்குத் தெரியும்: இன்சுலின் ஒருதரம் உறைந்தால் செத்துவிடும். பகலில் கரண்ட் நின்று இளகினால், பார்வைக்கு நல்ல மருந்துபோலவே இருக்கும்.

"அண்ணை, இனிப் பயமில்லைத்தானே? பின்தட்டிலை வைக்கட்டோ?"

நான் தலையை ஆட்டினேன்.

தர்சினிக்குப் பதினொரு வயது. ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஊரடங்கு எடுபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை அவள் தாங்கவில்லை. செத்தவீட்டில் ஞானசேகரம் என் தோளில் விழுந்து அழுதார். அவருக்கு அழ ஒரு உடலாவது கிடைத்ததே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த சுற்றிவளைப்பில் அவர் நிரையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். ஜீப்புக்குள் சாக்கு இரண்டு தரம் இருமியது. அதே இருமல்.

அதற்கு நான் என்ன செய்ய ஏலும், ஐயா? அந்தப் பிள்ளையில் நான் கை வைக்கவில்லை. கேட்டார்கள், தலையை மட்டும்தான் ஆட்டினேன்.