காப்புக்கு ஒரு பகல்

காலையில் தேநீர் போடுவது நான்தான். முகம் கழுவுவேன், கேத்தலை அடுப்பில் வைப்பேன், எனக்கு இரண்டு கரண்டி சீனி. பிறகு என் மனைவி சீதைக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டை ரயிலைப் பிடிப்பேன். இப்போது ஊசி இல்லை. மற்றதெல்லாம் அப்படியே.

எனக்கு வேலை காப்புறுதிக் கம்பனியில். கலியாணம் கட்டிய ஆண்கள் கட்டாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். மனைவியை இழந்தவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். சிறுவயது முதல் என்னை விடாத மூச்சு இழுப்பு, சீதை எனக்காகக் கேதாரகௌரி விரதம் பிடித்த முதல் வருஷமே நின்றது. நான் விஞ்ஞானம் படித்தவன். விரதத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் மூச்சு வந்தது.

கீழ்வீட்டு ஐறீன் படியில் மறித்துச் சிரிப்பாள். "என்ன மனுசன் நீர்? நீர் ஊதுறீர், அவள் வத்துறாள்."

மூன்றாம் வருஷம் சீதைக்குச் சலரோகம் என்று தெரிந்தது. டொக்டர் சிங்களவர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவளுக்குச் சிங்களம் தெரியாது, மொழிபெயர்த்தது நான். இந்த ஊசி போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது, விரதம் பிடித்தால் உயிருக்கு ஆபத்து என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் சீதை கேட்டாள்: "ஏதோ 'எப்பா' எண்டவரே?" வேண்டாம் என்ற அந்த ஒரு சிங்களச் சொல் அவளுக்குத் தெரியும்.

"இனிப்பு எப்பா" என்றேன்.

"அப்ப விரதம்?"

"அது பிடிக்கலாமாம்."

"பாத்தீங்களே, என்ர அம்மா சும்மா பயப்பிட்டவ."

விரதத்தின் கடைசி நாள், முழுப் பட்டினி. பின்னேரம் கோயிலில் கையில் காப்பு நூல் கட்டினால் முடிந்துவிடும். காலையில் வழக்கம்போல ஊசி போட்டேன். சிறிது நேரத்தில் அவளுக்கு வேர்த்தது. கை நடுங்கியது. கட்டிலில் சரிந்தாள். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்படி வந்தால் உடனே சீனி கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தேநீர் என் கையில்தான் இருந்தது. ஒரு மிடறு கொடுத்தால் விரதம் முறிந்துவிடும். காப்புக்கு இன்னும் ஒரு பகல்தான்.

அவளருகே இருந்து அதை நானே குடித்து முடித்தேன்.

நான் அவளைக் கைவிட்டேன் என்று ஐறீன் சொல்கிறாள். அது சரியல்ல. கடைசிவரை பக்கத்தில் இருந்தேன். கண் சொருகுமுன் அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, உங்களுக்கு இப்ப இழுப்பு இல்லைத்தானே?"